புலியைக் காக்க மனிதரை வெளியேற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களுக்குச் சுங்கை சிப்புட்டில் மளிகைக்கடை. என் தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர், அப்பா காலத்தில்தான் கடைக்கு வந்தோம். லாசா பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு தெமியார் பூர்வகுடிக் குடும்பம் அப்பா காலம் தொட்டே பெத்தாய்க் காய், தேன், டுரியான் என்று கொண்டுவந்து போடுகிறது. என் மகன் சுற்றுச்சூழல் படித்துவிட்டு இப்போது காட்டுவிலங்குப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறான். "காட்டுக்குள் ஆள் இருக்கும்வரை புலி பிழைக்காது. இவர்களை வெளியே குடியேற்ற வேண்டும். நீங்கள் இவர்களிடம் வாங்குவதே தப்பு" என்கிறான். போன வாரம் அந்த மனிதர் முன்னாலேயே சொல்லிவிட்டான். அவர் பெத்தாய்க் கட்டை இறக்கி வைத்துவிட்டு, பணம்கூட வாங்காமல் போய்விட்டார். படித்த பிள்ளை சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, முதலில் அந்த மனிதரைப் போய்ப் பாருங்கள். மகனோடு பேசுவது அதற்குப் பிறகு. இரண்டு தலைமுறையாக உங்கள் கடைக்கு வந்துபோகும் குடும்பம் அது. பிறந்த இடத்தில் இருப்பதே குற்றம் என்று ஒரு சிறுவயதுப் பையன் சொல்லக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெத்தாய்க்கான பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, பையன் பேசியதற்கு நீங்கள் வருத்தம் சொல்லுங்கள். அதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

இனி உங்கள் மகன். அவருடைய கவலை நியாயமானது. மலேசியாவில் நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி மலாயாப் புலி காட்டில் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. ஆனால் அதைக் கொல்வது எது? வெளியிலிருந்து வரும் வேட்டைக் கும்பல்கள் விலங்குகள் போகும் தடங்களில் வரிசையாகப் பதிக்கும் கம்பிக் கண்ணிகள், துண்டு துண்டாக வெட்டப்படும் காடு, புலிக்கு இரையாகும் மானும் பன்றியும் குறைந்துபோவது. இவை மூன்றும்தான் முக்கியக் காரணங்கள் என்று தம்பியின் துறையில் இருப்பவர்களே சொல்கிறார்கள். மலைச்சரிவில் மரவள்ளியும் மலைநெல்லும் போட்டு, மண் களைத்ததும் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போகும் குடும்பம் அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். அந்தக் காடுகளில் புலியும் தெமியாரும் பல நூறு ஆண்டுகள் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். புலி அருகியது அண்மைக்காலத்தில்.

"ஆள் இல்லாத காடுதான் உண்மையான காடு" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1872-இல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஷோஷோனி, குரோ போன்ற மக்கள் காலங்காலமாக வேட்டையாடிய நிலம் அது. 1886-இலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் காவல் காத்தது ராணுவம். ஆப்பிரிக்காவில் செரெங்கேட்டியை விட்டு மசாய் மக்களை 1959-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் வெளியேற்றியது. அந்தச் சமவெளியில் மாடும் வரிக்குதிரையும் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைக்கார அதிகாரி வேட்டையாடினால் அதற்குப் பெயர் விளையாட்டு, அங்கேயே பிறந்தவன் பசிக்கு அடித்தால் திருட்டு. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் போய்விட்டார்கள். சட்டத்தின் மனப்போக்கு பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

நம் நாட்டுக் கதையும் அதையொட்டியதே. தியோடர் ஹப்பேக் யானையும் காட்டெருதும் சுட்டவர், பிற்பாடு அவற்றைக் காக்கப் போராடினார். பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றும் சேரும் இடத்தில் 1930-களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பூங்கா வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இன்றைய தாமான் நெகாரா அதுதான். அந்த முயற்சியால் ஒரு பெருங்காடு பிழைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே பாத்தெக் என்ற பூர்வகுடி மக்கள் இன்றும் இருக்கிறார்கள், முழுதாகத் துரத்தப்படவில்லை. ஆனால் அவர்கள் நடந்து பழகிய நிலத்துக்கு அவர்கள் உரிமையாளர்கள் இல்லை. சுற்றுலாப் பயணிக்கு ஊதுகுழலால் அம்பு விட்டுக் காட்டலாம், அவ்வளவுதான்.

பூங்கா வருவதற்கு முன்பே சமவெளிக் காடு ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்துவிட்டது. சாய்த்தது ரப்பர். உத்தரவு துரையுடையது, லாபம் லண்டனுக்குப் போனது, வெட்டியதும் எரித்ததும் கன்று நட்டதும் கங்காணி கூட்டிவந்த நம் ஆட்களின் கை. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் அவர்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்டிலேயே செத்தார்கள். அவர்கள்மேல் பழி போட எனக்கு மனம் வராது. ஆனாலும், நம் தாத்தாக்கள் லயத்தில் அடுப்பு மூட்டிய இடம் அதற்கு முன்பு வேறொருவருடைய பழக்காடாக இருந்திருக்கலாம். காட்டை அழித்தவர்கள் அஸ்லிக்காரர்கள், அதாவது பூர்வகுடிகள், என்று தோட்டக்குடும்பத்துப் பிள்ளை சொல்லக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது.

உங்கள் ஊருக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று பூர்வகுடி மக்களைக் கொண்டுவந்து முகாம்களில் அடைத்தார்கள். நோயிலும் ஏக்கத்திலும் பலர் மாண்டார்கள். வெளியே குடியேற்றுவது இந்நாட்டில் ஏற்கெனவே செய்து பார்த்த காரியம், தம்பி அறிய வேண்டியது இது.

அந்தப் போர்க்காலத்தில், 1954-இல் வந்ததுதான் இன்றும் நடப்பில் உள்ள பூர்வகுடி மக்கள் சட்டம் (134-ஆம் சட்டம்). அதன்படி பூர்வகுடிகள் அரசு இருக்கச் சொல்லும்வரை இருப்பவர்கள். மாநில அரசு அரசிதழில் ஓர் அறிவிப்பு போட்டால் அவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியை ரத்து செய்யலாம். நிலத்தை எடுத்தால் அவர்கள் வைத்த பழமரத்துக்கு இழப்பீடு உண்டு, நிலத்துக்குக் கொடுப்பது அரசின் விருப்பம். உங்கள் கடைக்கு வரும் டுரியான், அவருடைய பாட்டனோ பூட்டனோ பழைய குடியிருப்பில் நட்ட மரத்துக் காயாக இருக்கலாம். அங்கே குடும்பம் இருந்ததற்கு அந்த மரமே சாட்சி. சட்டம் மரத்தை எண்ணுகிறது, அடியில் உள்ள மண்ணைப் பார்ப்பதில்லை.

தோட்டத்து மனிதருக்கு இது புரியாதா? தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோது மூன்று தலைமுறை இருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்களே, கையில் ஒரு துண்டு நிலத்துக்கும் கிராண்ட் இருந்ததா நமக்கு? அந்தத் தவிப்பில்தான் உங்கள் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பூர்வகுடிகளின் நிலை இன்னும் கடினம். நமக்கு வாங்கும் வழியாவது இருந்தது. சொந்த நிலத்தை யாரிடமிருந்து அவர்கள் வாங்குவார்கள்?

நீதிமன்றம் ஓரளவு கதவைத் திறந்திருக்கிறது. விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக டெங்கில் பகுதியில் தெமுவான் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் தொடுத்த அந்த வழக்கில், நிலத்தின்மேல் அவர்களுக்கு வழக்காற்று உரிமை உண்டு என்று 2002-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். ஆனாலும் 2018-இல் குவா மூசாங் பக்கம் தெமியார் மக்கள் பாதையில் மறியல் கட்டி நிற்க வேண்டியிருந்தது. அங்கே காட்டை வெட்டியது டுரியான் தோட்டம் போடுவதற்காக. தடுத்து நின்றவர்கள், தம்பி வெளியேற்றச் சொல்லும் அதே மக்கள்.

கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் வேறு வழியைப் பார்க்கலாம். அங்குள்ள சோளகர் பழங்குடி மக்களுக்கு, புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே 2011-இல் சமூக வன உரிமை கிடைத்தது. அவர்கள் முன்பு சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். அதைத் தடை செய்த பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்கிறார்கள். நம் நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் பூர்வகுடிகளைச் சமூக ரேஞ்சர்களாகச் சேர்த்துக் கண்ணிகளைத் தேடி அகற்றுகிறார்கள். காட்டுத்தடம் தெரிந்தவர்கள் வேறு யார்?

இன்னொன்று. 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் உடன்பட்டன. அந்த உடன்பாட்டிலேயே பூர்வகுடிகளின் உரிமையை மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2007-இல் ஐநா பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்தது. முன்கூட்டியே விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் பெற வேண்டும் என்பது அதில் உள்ள விதி. தம்பி தன் அலுவலகத்தில் கேட்கட்டும்: நாம் வேலை செய்யும் காட்டில் எந்தெந்த ஊர்கள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்டோமா, வரைபடத்தில் அவர்களுடைய பழக்காடும் இடுகாடும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா?

வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெத்தாய், தேன், பழம், தாராளமாக வாங்குங்கள், நியாய விலை கொடுங்கள். காட்டு இறைச்சியோ விலங்கின் வேறெந்தப் பாகமோ யார் கொண்டுவந்தாலும் தொடாதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பூர்வகுடிகளுக்குச் சில விலங்குகளைத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறது, விற்பதற்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், ஊர்த்தலைவரான தோக் பாத்தினிடம் அறிமுகப்படுத்திவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள், அவர் கேட்கட்டும். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்ளுங்கள். பழக்காலமாக இருந்தால் வீடுகளில் ஆள் இருக்காது, எல்லாரும் மரத்தடியில் இருப்பார்கள். அப்போது போனால் இன்னும் நல்லது, மரம் யாருடையது என்று அங்கேயே தம்பிக்குக் காட்டுவார்கள்.