யூனிக்லோ பிரான்சைஸ் வாங்கித் தருகிறேன் என்கிறார்... அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். ஜப்பானின் யூனிக்லோ நிறுவனத்தின் பிரான்சைஸ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் 3 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். அது அமையாவிட்டால் 'யூனிக்லோ சர்ப்ளஸ்' (ஆர்டர் போக மிஞ்சிய சரக்கு) லாட்டாவது தருகிறாராம். நம்பலாமா? அவர்களைப் போல சாதா டி-ஷர்ட்டைக் குறைந்த விலைக்கு விற்று நானும் லாபம் பார்க்க முடியுமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். யூனிக்லோ 2019 அக்டோபரில் டெல்லி வசந்த் குஞ்சில் முதல் கடையைத் திறந்ததிலிருந்தே, இந்தியாவில் சொந்தத் துணை நிறுவனம் மூலம் நேரடியாகத்தான் கடை நடத்துகிறது. ஊருக்கு ஒருவரைப் பிடித்து ஏஜென்ட் வழியாகக் கடை கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் கிடையாது.

இங்கே ஒரு விலக்கு உண்டு. ஏஜென்ட் அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானுக்குள் கொஞ்சம் பிரான்சைஸ் கடைகள் இருப்பது உண்மை. தென்கொரியாவிலும் தனியாகப் போகவில்லை. லோட்டே குழுமத்துக்கு 49 சதவீதம் கொடுத்துக் கூட்டு நிறுவனம் வைத்தார்கள். ஆனால் லோட்டே அந்த நாட்டின் மிகப் பெரிய குழுமங்களில் ஒன்று. அது இரண்டு பெரிய நிறுவனங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து போட்ட பங்கு ஒப்பந்தம். நடுவில் யாரும் யாரிடமும் 3 லட்சம் வாங்கவில்லை. "கொரியாவில் கொடுத்தார்களே சார்" என்று அவர் சொன்னால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே தன் நிறுவனத்தின் ஜாதகத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இன்னும் வரவில்லை. இத்தனை பேர் ஏமாந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். நாள் கடந்தால் பணம் கை மாறிப் போய்விடும்.

'சர்ப்ளஸ்' விஷயமும் அப்படித்தான். லேபிள் வெட்டிய சரக்கு என்றால் அது எந்த பிராண்ட் என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. லேபிளோடு வந்து, அது போலி என்று தெரிந்தால் வம்பு விற்ற உங்களுக்கு. வணிகச் சின்னச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்கும் வேலையும் உங்கள் தலையில்தான்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். யூனிக்லோ மலிவாக விற்பதற்குக் காரணம் மலிவான லாட் வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கொஞ்ச ரகம், ஒவ்வொன்றிலும் மலை மாதிரி ஆர்டர். 1998-ல் டோக்கியோ ஹராஜுக்குவில் கடை திறந்தபோது ஃபிளீஸ் (மெத்தென்ற குளிர்கால துணி) ஜாக்கெட் ஒன்றை 1,900 யென்னுக்கு முன்னிறுத்தினார்கள். அந்த ஆண்டு 20 லட்சம் பீஸ் விற்றது. 2000-ல் 2 கோடியே 60 லட்சம். உருப்படி அதேதான், நிறங்களைத்தான் கூட்டிக்கொண்டே போனார்கள். சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. ஆனால் டிசைன், துணித் தேர்வு, ஆர்டர், கடை எல்லாம் அவர்கள் கையில். தைத்த சரக்கு முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். விற்காமல் நின்றால் நஷ்டம் அவர்களுக்கு. அந்த உறுதி இருப்பதால்தான் தொழிற்சாலை விலை இறங்கி வருகிறது. ஹீட்டெக் உள்ளாடைக்கான நூலை டோரே நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியதும் அந்த அளவின் பலத்தில்தான்.

அந்த விலை உங்களுக்கு வராது. முயலவும் வேண்டாம். ரகத்தைக் குறைப்பது மட்டும் உங்களால் முடியும். இப்போது கடையில் நாற்பது டிசைன் வைத்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் எம், எல் போய், ஸ்மாலும் டபுள் எக்ஸெல்லும் அலமாரியில் தூங்கும். மூன்று ரகம், நான்கு நிறம், ஐந்து சைஸ் என்று வையுங்கள். 60 வகை ஆகிறது. வகைக்கு 20 பீஸ் என்றால் 1,200. பீஸுக்கு 180 ரூபாய் அடக்கம் என்று வைத்தால் 2 லட்சத்து 16 ஆயிரம். அந்த 3 லட்சத்துக்குள் முடிந்துவிடுகிறது. நடுவிலுள்ள சைஸ்களைக் கூட்டி, ஓரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் காதர்பேட்டைத் தரகரிடம் போகாமல் தைக்கும் யூனிட்டிடமே நேராகப் பேசுங்கள். சாம்பிளை வாங்கி வீட்டில் மூன்று முறை துவைத்து, நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். துணியின் ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டாவது ஆர்டரில்தான் துணி மெலியும்.