வாத்தியார் எழுதிய பிறந்த நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் அப்பா தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 8 வருடம் ஆகிறது. என்னையும் தம்பியையும் பி.எஃப். கடன் போட்டுப் படிக்க வைத்தார். தாத்தா பாட்டியைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். இப்போது எங்களோடு சென்னைக்கு வாருங்கள் என்றால் வர மாட்டேன் என்கிறார். காலை 6 மணிக்கே திண்ணையில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மனு எழுத வேண்டும், ஃபாரம் நிரப்ப வேண்டும். சாயங்காலமானால் பிள்ளைகளுக்குப் பாடம். போன மாதம் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை. எங்களைவிட ஊர்தான் அவருக்குப் பெரிதா?

(பெயர் வேண்டாம்), சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. மயங்கி விழுந்ததை மறைத்தது தப்புதான். ஆனால் கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கு என் வாத்தியாரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் பதில் எழுத முடியாது.

எங்கள் ஊர் தேவிபட்டினம் பக்கம். என் பிறந்த நாள் மே 20. அன்றைக்கு நான் பிறக்கவில்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோது, ஐப்பசி அடைமழையில் பிறந்தவன் என்பது மட்டும்தான் அம்மாவுக்கு நினைவிருந்தது. சார் என் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல்நுனி காதில் பட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது 5 வயது முடிந்திருக்க வேண்டுமே, சேர்க்கைப் பதிவேட்டில் மே 20 என்று எழுதிவிட்டார். என் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்தான். இன்று ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது சார் எழுதிய தேதி.

சாரே தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது சின்னப் பிள்ளை. வீட்டோடு காகிதமெல்லாம் கடலில் போய்விட்டது. தங்கச்சிமடத்தில் வந்து ஒதுங்கிய பிறகு அங்கிருந்த ஒரு வாத்தியார்தான் அவருக்கும் குத்துமதிப்பாக ஒரு தேதி எழுதிப் பள்ளியில் சேர்த்தாராம். இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

நம் கரையில் ஒரு காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று சேதி வந்தால், அந்த வீட்டுப் பெண் முதலில் ஓடி வருவது வாத்தியார் வீட்டுக்குத்தான். ரேஷன் கார்டில் முனியசாமி, ஆதாரில் முனுசாமி, நலவாரிய அட்டையில் வயது வேறு. எல்லாம் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர், அவனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறுநாள் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு மனு. எழுதி முடித்து, கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று இரண்டு தடவை படித்துக் காட்டினார். அந்தப் பெண் கட்டை விரலை நீட்டினாள். "நான் சொல்லிக் கொடுத்ததுதானே தாயி, கையெழுத்தே போடு" என்று பேனாவைக் கொடுத்தார். முதல் எழுத்தை எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. சார் அவசரப்படுத்தவில்லை.

இப்படி ஒருவரைச் சென்னை ஃபிளாட்டில் கொண்டுபோய் வைத்தால் வேளாவேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கிடைக்கும். அவர் நாள் முழுக்க என்ன செய்வார் தங்கச்சி? உங்களைப் படிக்க வைத்த அதே மனம்தான் அந்தத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது.

சரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த 6 மணி ஆட்களுக்கு டீ போடுவது யார்? எங்கள் சார் வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலப் பாடத்துக்கு வரும் 20 பிள்ளைகளுக்கும் குடிதண்ணீரை ஊருணியிலிருந்து டீச்சரம்மாதான் சுமந்து வருவார். ஒரு குடத்தைக்கூட நாங்கள் வாங்கிச் சுமந்ததில்லை. இத்தனைக்கும் அவர் டீச்சர் இல்லை, சாருடைய மனைவி என்பதால் நாங்கள் வைத்த பெயர். கூடப் பிறந்த அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை என்பது அவர் இறந்த வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

அதனால் அப்பாவை ஊரிலிருந்து பிரிக்காதீர்கள், ஊரிடம் பங்கு கேளுங்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அவரிடம் படித்தவர்கள் ஊரில் இருப்பார்கள். அப்போது லீவு போட்டுப் போங்கள். நாலு பேரைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, அப்பா மயங்கி விழுந்ததைச் சொல்லுங்கள். ஃபாரம் நிரப்ப ஒருவர், மாதம் ஒருமுறை அவரை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவர், 8 மணிக்கு முன்னால் யாரும் வரக்கூடாது என்று சொல்ல ஒருவர். வாத்தியார் பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

அப்புறம், திரும்பும்போது அம்மாவை உங்களோடு கூட்டி வாருங்கள். ஒரு மாதமாவது இருக்கட்டும். எங்கே போகணும், யாரைப் பார்க்கணும் என்று அவரையே கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்