நகையில் உங்கள் செல்போன் தெரிகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் விற்க நகையைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் விற்கும் வீட்டுப் பெண்கள், பட்டறைக்காரர்கள், சிறு கடைக்காரர்கள் கேட்டவை இவை.

22 காரட் வளையலைப் படமெடுத்தால் நடுவில் கறுப்பாகப் பட்டை விழுகிறது. உற்றுப் பார்த்தால் என் கையும் செல்போனும்! ரிங் லைட் வாங்கினேன். இப்போது வட்டம் வட்டமாக விழுகிறது.
– வாசகி, கும்பகோணம்

மெருகு போட்ட தங்கம் ஒரு மஞ்சள் கண்ணாடி. எதிரில் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். கறுப்புப் பட்டை உங்கள் செல்போன். வட்டம் ரிங் லைட்டின் உருவம். எனவே வளையல் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று பார்க்காதீர்கள், வளையலுக்கு எதிரே என்ன நிற்கிறது என்று பாருங்கள். ரிங் லைட்டை அணைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி மேசையைப் போடுங்கள். ஒரு வெள்ளை சார்ட் பேப்பரின் மேல் முனையைச் சுவரில் ஒன்றரை அடி உயரத்தில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மேல் இறக்குங்கள். ஜன்னலுக்கு மெல்லிய மல் வேட்டி, ஒற்றை மடிப்பு. கட்சிக் கரை போட்ட வேட்டி வேண்டாம். நகையில் அரசியல் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வளையலிலிருந்து ஒரு சாண் தள்ளி, தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்துங்கள். வளையலுக்கு மேலே, சட்டத்தில் ஒட்டிய டிரேசிங் பேப்பர். கடைசியாக, உங்கள் பக்கம் இன்னொரு வெள்ளை சார்ட்: அதில் லென்ஸ் பார்க்கிற அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, செல்போனை அதன் பின்னால் வையுங்கள்.

இப்போது எடுத்தால் பட்டை போயிருக்கும். ஆனால் வளையல் பிளாஸ்டிக் மாதிரி வெளுத்துத் தட்டையாக இருக்கும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுற்றிலும் வெள்ளை என்றால் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு சார்ட்டை வெட்டி, படத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே, வளையலின் பக்கவாட்டில் நிறுத்துங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய கருங்கோடு ஓடும். வளைவு எழுந்து நிற்கும். திரையைப் பார்த்துக்கொண்டே பட்டையை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கோடு சரியான இடத்தில் வந்து உட்காருவது கண்ணுக்கே தெரியும்.

மடிக்கும் லைட் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் பதில். உள்ளே இருக்கும் எல்.இ.டி. பட்டையின் புள்ளிகள் நகையில் வரிசையாக விழும். பட்டைக்குக் கீழே டிரேசிங் பேப்பரை ஒட்டினால் போய்விடும்.

போலரைசர் ஃபில்டர் மாட்டினால் இந்தப் பிரதிபலிப்பு போய்விடுமா?
– வாசகர், திருவாரூர்

போலரைசர் என்பது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி. தண்ணீர், கண்ணாடி, இலை ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்கும். உலோகத்தின் பளபளப்பில் லென்ஸில் மாட்டும் ஃபில்டர் மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது. காசை டிரேசிங் பேப்பரில் போடுங்கள்.

“படத்தில் சிவப்பா இருந்துச்சு, கையில வாங்கினா வெளுப்பா இருக்கு” என்று பார்சலைத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் ஃபில்டர் எதுவும் போடுவதில்லை.
– வாசகி, மன்னார்குடி

மூன்று இடங்களில் சந்தேகப்பட வேண்டும்.

முதலாவது, இரண்டு வெளிச்சம் கலப்பது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மேகமூட்டமென்றால் 6500க்கும் மேல், நீலம் கலந்தது. வீட்டு மஞ்சள் பல்பு 2700 அல்லது 3000. இரண்டும் சேர்ந்து விழுந்தால் நகையின் ஒரு பக்கம் செம்பாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. படமெடுக்கும்போது அறை விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். ராத்திரியில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் ஜன்னலை மறந்துவிட்டு, ஒரே மாதிரி இரண்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். குறைந்த சி.ஆர்.ஐ. விளக்கில் சிவப்பு வலுவிழந்திருக்கும், கெம்புக் கல்லின் சிவப்பு செத்துப்போகும்.

இரண்டாவது, பின்னணி. திருபுவனம் பட்டுப் புடவையை விரித்து அதன்மேல் ஆரத்தை வைத்தால் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அரக்குச் சிவப்பு அப்படியே தங்கத்துக்குள் ஏறும். 916 தங்கம், அதாவது 22 காரட், செம்புபோல் தெரியும். உங்கள் பார்சல் திரும்பி வர இதுவே காரணமாக இருக்கலாம். பட்டு வேண்டுமென்றால் இரண்டாவது, மூன்றாவது படத்தில் வையுங்கள். முதல் படம் வெள்ளையிலோ சாம்பலிலோ இருக்கட்டும்.

மூன்றாவது, செல்போனின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வசதி. திரை நிறைய மஞ்சளைக் கண்டால் ‘விளக்கு மஞ்சள் போலிருக்கிறது’ என்று நினைத்து அதைக் குறைத்துவிடும். கிட்டே போகப் போகத் தங்கம் வெளுப்பது இதனால்தான். புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை ஓர் எண்ணில் நிறுத்தி, ஒரு நகையின் எல்லாப் படங்களையும் அதே எண்ணில் எடுங்கள். முதல் படத்தில் நகைக்குப் பக்கத்தில் கிரே கார்டு (நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டை) ஒன்றை வைத்து எடுத்தால் பிறகு திருத்தும்போது அதைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஜெராக்ஸ் பேப்பரை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெள்ளையாகத் தெரிய அதில் சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும்.

ஒன்று மட்டும் படத்தின் குற்றமல்ல. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மிச்சத்தில் செம்பு கூடினால் நகை சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிர்மஞ்சளாகும். இரண்டும் 22 காரட்தான். வாங்குபவரிடம் இதை முன்னமே எழுதிவிடுங்கள்.

வடக்கு ஜன்னல்தான் படமெடுக்கச் சிறந்தது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் வைகாசி மாதம் காலையில் வெயில் உள்ளே வருகிறதே?
– வாசகர், திருவையாறு

வரத்தான் செய்யும். அந்தப் பாடம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். காவிரிக் கரை கிட்டத்தட்ட 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 19 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 25 வாக்கு வரை நமக்குச் சூரியன் பகல் முழுக்க வடக்கே சாய்ந்துதான் போகிறது. உச்சி வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும்; காலை, மாலைச் சாய்வு வெயில்தான் உள்ளே பாயும். ஆகவே ஆனி, ஆடியில் தெற்கு ஜன்னல். மார்கழி, தையில் வடக்கு ஜன்னல். முற்றம் வைத்த பழைய வீடாக இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள்: முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், வெயில் விழாத பக்கம், மேலிருந்து வரும் வெளிச்சம் போதும்.

கெம்பு அட்டிகையில் கல்லெல்லாம் கறுப்பாக விழுகிறது. நகாசு வேலையும் எடுபடவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்தால் மினுங்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

கழுவாதீர்கள். பழைய பாணிக் கெம்பு, பின்பக்கம் மூடிய குழியில், அடியில் தகடு வைத்துப் பதித்தது. உள்ளே அரக்கும் இருக்கும். தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்து, கல் நிரந்தரமாகச் செத்துவிடும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி, மென்மையான தூரிகை, காற்றடிக்கும் ரப்பர் பல்பு, இவை போதும். முத்துக்கும் அப்படியே. ஹாலஜன் விளக்கைக் கிட்டே வைப்பதும் ஆகாது. சூட்டில் அரக்கு இளகும்.

கல் கறுப்பது வெளிச்சத்தின் திசையால். முன்பக்கமாக உள்ளே போகும் ஒளி, அடித்தகட்டில் பட்டுத் திரும்ப வேண்டும். பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் அது வேறெங்கோ திரும்பிப் போகும். விசிட்டிங் கார்டு அளவில் வெள்ளை அட்டை ஒன்றை லென்ஸுக்கு அடியில் ஒட்டினாற்போலப் பிடித்து, மெல்ல மெல்லச் சாயுங்கள். ஒரு கோணத்தில் சிவப்பு முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அங்கே நிறுத்தி எடுங்கள். அட்டையால் முடியாவிட்டால் அட்டிகையின் அடியில் சிறு தாங்கல் வைத்து ஒரு பத்து பாகை தூக்கிப் பாருங்கள்.

நகாசுக்கு இதற்கு நேர்மாறு. அங்கே நிழல்தான் வேலையைக் காட்டும். வெளிச்சம் மேசையை உரசுவதுபோல 15, 20 பாகையில் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். எதிரே உள்ள தெர்மாகோலை எடுத்துவிடுங்கள். லட்சுமியின் மூக்கும் யானையின் துதிக்கையும் அப்போதுதான் எழும். கெம்பும் நகாசும் சேர்ந்த நகைக்கு ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்கப் பாடுபடாமல் இரண்டு படமாக எடுத்துப் போடுவதே நேர்மையும் சுலபமும்.

வைரத் தோடு என்றால் துணி வழியாக வரும் மெல்லிய வெளிச்சம் மட்டும் போதாது, தெறிப்பு வராது. அதோடு சின்ன எல்.இ.டி. டார்ச் ஒன்றைத் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

ஜிமிக்கியில் முன்பக்க முத்து தெளிவாக இருக்கிறது, பின்பக்கம் மங்குகிறது. கிட்டே போனால் செல்போன் தானாக வேறு லென்ஸுக்கு மாறுகிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

கிட்டே போவதுதான் தவறு. கிட்டப் போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். செல்போன் மேக்ரோவுக்கு அகல லென்ஸுக்குத் தாவி, ஜிமிக்கியின் கீழ்க் குடையை ஊதிப் பெருக்கிக் காட்டும். தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று 2 எக்ஸில் எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டுங்கள். கேமரா என்றால் லென்ஸ் துளையின் அளவு எஃப் 8 முதல் எஃப் 11 வரை. 16ஐத் தாண்டினால் துளை சிறுத்து, அதன் விளிம்பில் ஒளி வளைவதால் மொத்தப் படமும் மென்மையாகும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஸ்டாண்ட், 2 நொடி டைமர். விளக்கில் எடுத்தால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகத்தில் சில எல்.இ.டி. விளக்குகள் பட்டை பட்டையாக விழும்.

ஜிமிக்கியைப் படுக்க வைத்தால் குடை சாய்ந்து அசிங்கமாகத் தெரியும். மெல்லிய தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு எடுத்து, நரம்பைத் திருத்தத்தில் அழித்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். மோதிரம் நிற்க, அடியில் மிளகு அளவு தேன்மெழுகு போதும்.

அளவு காட்ட ஒரு ரூபாய்க் காசை வைத்தால் போதுமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

எந்த வருஷத்துக் காசு? ஒரு ரூபாயே பல அளவில் வந்திருக்கிறது. மில்லிமீட்டரில் எழுதி, ஸ்கேலோடு ஒரு படம், காதிலோ கழுத்திலோ போட்டு ஒரு படம். வளையலுக்கு 2.4, 2.6, 2.8 என்று மட்டும் எழுதினால் வெளியூர்க்காரர்கள் தசமமாக எடுத்துக்கொள்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 2.4 என்பது இரண்டேகால் அங்குலம், 57 மி.மீ. உள்விட்டம், 2.6 சுமார் 60 மி.மீ.; 2.8 இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. சேர்த்தே எழுதுங்கள்.

கவரிங் என்று எழுதினால் யாரும் தொடுவதில்லை. படத்தைத் தங்கம்போல் எடுத்து, சும்மா ‘ஆரம்’ என்று போடலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

கூடாது. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே விளம்பரம் பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. விதியை விடுங்கள், விற்பனைக்கே அது நட்டம். சிதம்பரம் கவரிங் அந்தப் பெயரிலேயேதான் ஊர் ஊராகப் போகிறது. முதல் வரியிலேயே கவரிங் என்று எழுதி, கொக்கியையும் பின்பக்கத்தையும் கிட்டத்தில் காட்டுங்கள். பின்பக்கத்தை மறைக்காத படத்தைப் பார்த்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

தங்கம் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. (அந்த நகைக்கு மட்டுமான அடையாளக் குறி) மூன்றும் இருக்க வேண்டும். லேசரில் பொறித்த அந்த எழுத்து, நேர் வெளிச்சத்தில் தெரியாது. உரசும் வெளிச்சத்தில், மேக்ரோவில் எடுங்கள். வாங்க உறுதிசெய்தவருக்குத் தனியாக அனுப்பினால், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அவரே சரிபார்த்துக்கொள்வார்.

நல்லாத்தான் எடுக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறது.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. டாகுமெண்டாக அனுப்புங்கள். அமேசானில் போடுவதானால் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண எண்ணும் 255. நகை படத்தில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை (படத்தில் சேரும் வெளிச்சத்தை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு. கறுப்பு வெல்வெட் என்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். தூசியைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது.
– வாசகர், வேதாரண்யம்

காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும். வெள்ளிக் கொலுசையும் இப்படி டப்பாவில் வைக்கலாம், ஆனால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் கறுத்துவிடும். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.