30 கிலோ இரும்புக் கம்பி லாரியைத் தாங்குமா?

கேள்வி: என்னிடம் 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் இருக்கிறது. வேலை காரணமாக இரவில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியிருக்கிறது. முன்புறம் 30 கிலோ புல் பார் (பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிச் சட்டம்) பொருத்தினால் வண்டி கனமாகிவிடும், லாரி மோதினாலும் உள்ளே இருப்பவர்களுக்கு அடிபடாது என்று கடைக்காரர் சொல்கிறார். பொருத்தலாமா?

பதில்: பொருத்தாதீர்கள். எடை கூடிய வண்டிக்கு மோதலில் பாதிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடினால் எவ்வளவு குறையும் என்ற கணக்கைக் கடைக்காரர் போட்டுப் பார்க்கவில்லை.

எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். மோதிக்கொள்ளும் இரு வண்டிகளின் மொத்த உந்தம், திசையையும் சேர்த்துப் பார்த்தால், மோதும் கணத்திற்கு முன்னும் பின்னும் ஒன்றே. 9,000 கிலோ லாரியும் உங்கள் காரும் தலா 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதிச் சிக்கிக்கொண்டால், இரண்டும் லாரி வந்த திசையிலேயே 48 கி.மீ. வேகத்தில் நகரும். லாரிக்கு வேக மாற்றம் வெறும் 12 கி.மீ.; கார் தன் 60 கி.மீ. வேகத்தை இழந்ததோடு பின்னோக்கி 48 கி.மீ. வேகத்தில் தள்ளப்படுவதால் அதற்கு 108 கி.மீ. புல் பாரின் 30 கிலோவைச் சேர்த்தால் இந்த 108 என்பது 107.7 ஆகிறது, ஆதாயம் அவ்வளவே.

உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பது அந்த 108 கி.மீ. வேக மாற்றம் எவ்வளவு நேரத்தில் நிகழ்கிறது என்பதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது பத்தில் ஒரு நொடியில் நிகழ்ந்தால், சராசரியாக 1,800 கிலோ பாரத்துக்கு ஈடான விசை அவர்மீது விழும். நேரம் பாதியானால் விசை இருமடங்காகும். காரின் முன்பகுதி நசுங்குவது அந்த நேரத்தை நீட்டிப்பதற்காகவே. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் நேரடியாக முடுக்கப்படும் புல் பார் அந்த நசுங்கலைத் தடுத்து அதிர்ச்சியை உள்ளே கடத்துவதோடு, ஏர்பேக் விரிய வேண்டிய தருணத்தையும் குழப்பக்கூடும்.

புளியமரத்தில் மோதினால் மரம் நகர்வதில்லையே, உந்தம் எங்கே போயிற்று என்று பலரும் கேட்பதுண்டு. மரம் வேரோடு பூமியில் ஊன்றியிருப்பதால் பூமியே அதை ஏற்கிறது. பூமியின் எடைக்கு முன்னால் அந்த நகர்வை எவராலும் அளக்க முடியாது. எனவே விதி அங்கும் தவறவில்லை. அசையாத மரத்தில் 60 கி.மீ. வேகத்தில் மோதுவதும், அதே வேகத்தில் எதிரே வரும் அதே எடையுள்ள காரில் மோதுவதும் உங்களுக்கு ஏறத்தாழ ஒன்றே, ஏனெனில் இரண்டிலும் உங்கள் வேகம் 60-லிருந்து சுழியத்துக்கு வருகிறது. இரண்டாவதில் 120 கி.மீ. அடி விழும் என்று எண்ணுவது தவறு.

புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதன் பிறகும் கடைகளில் அது வெளிப்படையாக விற்கப்படுகிறது. சாலையில் நிறுத்தி அபராதம் விதிக்கும் அதிகாரிகள் விற்பவரைத் தொடுவதே இல்லை என்பது பொறுக்க முடியாத நிலை. பழைய கார் வாங்குவதானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முன்பு விபத்தில் நெளிந்த முன்பகுதியைப் புல் பாரால் மறைத்து, அதையே கூடுதல் வசதியாகக் காட்டி விலையேற்றும் தரகர்கள் உண்டு. அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். கம்பிக்கு ஒதுக்கிய பணத்தில் முகப்பு விளக்குகளையும் தேய்ந்த டயர்களையும் சரிசெய்யுங்கள். பின்னிருக்கையில் அமர்பவர்களும் சீட் பெல்ட் போட்ட பிறகே வண்டியை எடுங்கள்.