பிஷருக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. எட்டு மாதமாக ஆசனவாயில் வெடிப்பு (பிஷர்). மலம் கழித்தபின் இரண்டு மணி நேரம் வலி உயிர் போகிறது. நைட்ரோகிளிசரின் களிம்பு போட்டேன். தலைவலி தாங்காமல் இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டேன். அறுவை சிகிச்சை என்றால் மலத்தை அடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஊசியாகப் போட்டால் வெட்டாமலே ஆறிவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு அந்த ஊசி வேண்டாம். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் முயன்று பார்க்காத சிகிச்சைகள் இன்னும் இருக்கின்றன.

எட்டு மாதமாகியும் புண் ஏன் ஆறவில்லை? ஆசனவாயை மூடிவைத்திருக்கும் உள் சுருக்குத் தசை இறுகிப்போய்க் கிடக்கிறது. இந்தத் தசை நம் கட்டுப்பாட்டில் இல்லை. நினைத்தாலும் தளர்த்த முடியாது. அது இறுகினால் அதன் வழியாகப் போகும் ரத்தம் குறைகிறது. பின்பக்க நடுக்கோட்டில் ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு, பெரும்பாலான வெடிப்புகள் வருவதும் அங்கேதான். வலி வந்தால் தசை மேலும் இறுகும், இறுகினால் புண் ஆறாது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

கொழுப்பிலிருந்து எடுக்கும் செல்கள் அழற்சியைத் தணிக்கும், புது ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் என்பதுதான் இந்த ஊசியின் அடிப்படை. யோசனை நல்லதுதான். ஆனால் பிஷரில் இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிலரை மட்டும் வைத்துச் செய்த ஆரம்ப முயற்சிகள். பக்கத்து நோயான பௌத்திரத்தில் (ஆசனவாய்க்குப் பக்கத்தில் உண்டாகும் புரையோடிய துளை) என்ன நடந்தது என்று பாருங்கள். குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயால் வரும் சிக்கலான பௌத்திரத்துக்கு டார்வாட்ஸ்ட்ரோசெல் என்ற செல் மருந்து 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. முதல் பெரிய ஆய்வில், 24 வாரத்தில் மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 50 சதவீதம் பேருக்கும் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 34 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. அடுத்த பெரிய ஆய்வில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. 2024 கடைசியில் மருந்து ஐரோப்பியச் சந்தையிலிருந்தே விலகிவிட்டது. போலி ஊசியிலேயே மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரிந்ததைக் கவனியுங்கள். ஒப்பீடு இல்லாமல் "எங்களிடம் பலருக்கு ஆறிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வாரக் களிம்பு முழுச் சிகிச்சை ஆகாது. 2 சதவீத டில்டியாசெம் களிம்பில் தலைவலி குறைவு. மருத்துவரைக் கேட்டுத் தினம் இரண்டு வேளை, ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் போடுங்கள். கூடவே நார்ச்சத்து, போதிய தண்ணீர், வெதுவெதுப்பான நீரில் உட்காருவது. மலம் இறுகவே கூடாது. அதில் கோட்டைவிட்டால் எந்தக் களிம்பும் பலிக்காது. அதற்கும் ஆறாவிட்டால் போடாக்ஸ் ஊசி உண்டு. தசையைச் சுமார் மூன்று மாதம் தளர்த்தும், அப்புறம் விளைவு தானே மறைந்துவிடும் என்பதால் உங்கள் பயத்துக்கு ஏற்றது இதுதான்.

அறுவை சிகிச்சையில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆறிவிடுகிறது. சிலருக்கு வாயு அடக்குவதில் சிரமம் வரும். பலருக்கு அது போகப்போகச் சரியாகிவிடும், சிலருக்கு நீடிக்கும். சுகப்பிரசவம் ஆனவர்கள், அந்த இடத்தில் முன்பே அறுவை செய்துகொண்டவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

செல் சிகிச்சைதான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டும் சேருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சோதனையில் இருக்கும் ஊசிக்கு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கிரோன், காசநோய், புற்றுநோய் போன்றவை இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். உங்களுக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.