சமூக ஊடகக் கணக்கு தொடங்க ஏன் 13 வயது என்று வைத்தார்கள்?

அது குழந்தையின் பக்குவத்தை அளந்து வைத்த எண் இல்லை. 1998-இல் அமெரிக்கா கொண்டுவந்த ‘காப்பா’ சட்டம், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சொந்த விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணையதளங்கள் திரட்டக் கூடாது என்றது. சம்மதம் வாங்கும் தலைவலி எதற்கு என்று நிறுவனங்கள் 13-ஐயே வாசலாக்கிவிட்டன. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால் தாண்டிவிடக்கூடிய வாசல்தான். எந்தப் பிள்ளைக்கு அது தெரியாது?

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் இந்த வயதை 16 ஆக்கியிருக்கிறது. அங்கே பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைத்தது சரி என்றே நினைக்கிறேன். அப்புறம் ஒரு சிக்கல்: சிறுவரைப் பிரித்தறிய, பெரியவர்களும் வயதை நிரூபிக்க வேண்டி வரலாம்.