வெளிநாட்டில் வாழும் தமிழர்களின் மொழியையும் அடையாளத்தையும் ஆங்கிலம் விழுங்கிவிடுகிறதா?

கேள்வி கேட்டவர் ஆங்கிலத்தை ஏற்கெனவே கூண்டில் ஏற்றிவிட்டார். நான் சாட்சி சொல்ல வந்தவன். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் கணக்கெழுதிவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2018இல் திருநெல்வேலிக்குத் திரும்பினேன். என் சாட்சியம் எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் சாதகமாகத்தான் இருக்கும்.

கடன் வாங்கிய சொற்களால் ஒரு மொழி செத்ததாக நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அவருடைய ஊரில் டவுண் இருக்கிறது, ஜங்ஷன் இருக்கிறது, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. 'ஹை கிரவுண்ட்' என்று யாராவது திருத்திச் சொன்னால் அது வேறு ஏதோ ஊர் என்று நினைத்துக்கொள்வார். ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. இன்று அவற்றை அந்நியர் என்று யார் சொல்வார்கள்? இந்தப் பக்கமிருந்தும் சுருட்டும் கட்டுமரமும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன. எங்கள் ஊரின் பெயரே வெள்ளைக்காரன் வாயில் 'தின்னவேலி' ஆனது. இங்கே விளையும் நிலவாகைக்கு மருந்து நூல்களில் இன்றும் 'தின்னவேலி சென்னா' என்றுதான் பெயர். அல்வாவால் கிடைத்த புகழ் ஒரு பக்கம் என்றால், மலச்சிக்கலுக்கு மருந்து தந்த புகழ் இன்னொரு பக்கம்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. டாலர் நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் இடைவெளியைப் பார்த்து நடக்கச் சொல்லித் தமிழில் எச்சரிக்கிறார்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் வெளிவருகிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் உண்டு, அதற்குத் தேர்வும் உண்டு. ஓர் அரசு ஒரு மொழிக்கு இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்? அப்படியிருந்தும், இந்திய வம்சாவளியினரில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு நாற்பத்தொன்றுக்குச் சற்று மேல் இருந்தார்கள். 2020இல் அது ஐம்பத்தொன்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் அனைவரும் தமிழர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் நான் கண்டதும் இதே கதைதான்.

இந்தக் கதைக்கும் எங்கள் சீமைக்கும் பழைய தொடர்பு உண்டு. கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் பெருங்கூட்டமாக இருந்தவர்கள். (கடையநல்லூர் இப்போது தென்காசி மாவட்டம். எங்கள் வாய்க்கு அது இன்னும் நெல்லைச் சீமைதான்.) அவர்கள் 1946இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982இல் மூடப்பட்டது. யாரும் தடைபோடவில்லை, பூட்டுப் போட்டுச் சீல் வைக்கவும் இல்லை. பிள்ளைகள் வரவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலப் பள்ளியில் படித்தால் வேலை கிடைக்கும் என்று பெற்றோர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் நானும் அதையே போட்டேன். புலவரின் பெயர் இப்போது தமிழ் கற்பிக்கும் ஒரு நிலையத்துக்கு இருக்கிறது.

என் வீட்டில் நானும் மனைவியும் தமிழில்தான் பேசிக்கொள்வோம், சண்டையும் தமிழில்தான். மகனிடம் திரும்பினால் மட்டும் நாக்கு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். வீட்டுப்பாடம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் அதைவிடப் பழையது. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில், தப்பில்லாமல் ஆங்கிலம் பேசுகிற பையனுக்கு வகுப்பில் தனி நாற்காலி போட்டது போல ஒரு மரியாதை இருக்கும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊராயிற்றே. அந்த மரியாதைக்கு ஏங்கிய நாக்கைத்தான் நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். எல்லோரும் அங்கே போய்த்தான் தமிழைத் தொலைக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். பாதியை நாம் ஏறும் இடத்திலேயே விட்டுவிடுகிறோம்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பெயரில் நெல்லையப்பர் இருக்கிறார். அலுவலகத்தில் அதைச் சுருக்கி 'நெல்' என்று கூப்பிட்டார்கள். அரிசியாவதற்குள் ஊர் திரும்பிவிட்டேன்.

மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தேர்வுக்குப் படித்த தமிழ் அவனிடம் நிறைய இருந்தது, ஆனால் புழங்கிய தமிழ் இல்லை. 'நான் நீர் அருந்திவிட்டு வருகிறேன்' என்பான். பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் வகுப்பே அவனைச் சுற்றி நின்று செய்தி வாசிக்கச் சொல்லிச் சிரித்ததாம். இரண்டாம் வாரம் வேறு சங்கதி. வளாகத்தில் தமிழ் பேசியதற்காகப் பத்து ரூபாய் அபராதம். சிங்கப்பூரில் தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத் தாமிரபரணிக் கரையில் தமிழ் பேசியதற்குத் தண்டம்!

சண்டை போடுவதற்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பொறுப்பில் இருந்த ஆசிரியை என்னை உட்காரச் சொன்னார். "சார், இதை நாங்களாகக் கொண்டுவரவில்லை. பிள்ளை ஏன் இன்னும் ஆங்கிலம் பேசவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள்" என்றார். சொன்னது அசல் திருநெல்வேலித் தமிழில். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து ரூபாயைக் கட்டிவிட்டு வந்தேன்.

சொற்களின் இழப்பில் என்னை உண்மையிலேயே உறுத்துவது ஒன்றுதான்: உறவுமுறை. சிங்கப்பூரில் வாடகைக் கார் ஓட்டுநர் முதல் என் சொந்தத் தம்பி வரை எல்லோரும் மகனுக்கு 'அங்கிள்'. ஊரில் நடந்த முதல் திருமணத்தில் பையன் திண்டாடிப்போனான். என் தங்கை மகளும் என் தம்பி மகளும் அவனுக்கு ஒரே 'கசின்'. ஒருத்தி அத்தை மகள், அவளைச் சொல்லிச் சொல்லி இவனைக் கிழவிகள் கேலி செய்வார்கள். இன்னொருத்தி உடன்பிறந்தவளுக்குச் சமம், அவள் பெயரைச் சேர்த்துக் கேலி செய்தால் செருப்படிதான். மைனி, அத்தான், சித்தி, பெரியம்மா என்ற சொற்களில் யாரிடம் எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிற்கவேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. பஸ்ஸும் டிக்கெட்டும் வந்ததில் நமக்கு ஒன்றும் குறையவில்லை, 'ஆன்ட்டி' வந்ததில்தான் குறைந்தது. அது இப்போது டவுண் ரதவீதிகளிலும் வந்துவிட்டது. அதற்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை.

ஆங்கிலத்தைக் கண்டபடி திட்டுகிறவர்களுக்கு நான் எங்கள் சீமையின் இடையன்குடியைக் காட்டுவேன். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841இல் அந்தத் தேரிக்காட்டு ஊருக்கு வந்தார். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தான், தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்பதை உலக அறிஞர்கள் முன் விரிவாக நிறுவியது. சென்னையில் கம்பெனி அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இலேயே அதைத் தொட்டுக் காட்டியிருந்தார். நாம் மேடையில் மார்தட்டுகிற அடையாளத்தின் பெரும்பகுதி முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கால்டுவெல் மதம் பரப்ப வந்தவர், எங்கள் பக்கத்துச் சாதிகளைப் பற்றி அவர் எழுதியவை வம்பையும் கிளப்பின. அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனிதர் வேற்று மொழியோடு ஐம்பது ஆண்டுகள் குடியிருந்திருக்கிறார். என்னால் சொந்த மொழியில் என் மகனைப் பத்து நிமிடம் திட்ட முடியவில்லை.

அவனுக்குத் தமிழ் வந்தது பள்ளியாலும் அல்ல, என்னாலும் அல்ல. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற ஒரே காரணத்தால் வந்தது. தோசை வேண்டும் என்றால் ஆச்சியிடம் தமிழில்தான் கேட்க வேண்டும்.

அம்மா பிறந்தது டவுணில் ஒரு வளவில். தார்சா, பட்டாசல், அடுக்களை, அங்கணம், தட்டட்டி என்று வரிசையாக நீளும் வீடு. அந்த வீடுகளை இடித்தபோது சொற்களும் போயின. அதில் ஆங்கிலத்தின் பங்கு குறைவு, கொத்தனாரின் பங்கு அதிகம். இப்போது பெருமாள்புரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டில் தார்சா கிடையாது, அந்தச் சொல்லை அம்மாவும் மறந்துகொண்டு வருகிறார். ஆனால் அடுப்படியில் பதித்திருக்கும் எவர்சில்வர் தொட்டியை அவர் இன்னும் அங்கணம் என்றுதான் சொல்கிறார். சாப்பிட்ட தட்டை அங்கணத்தில் போடு என்று தினம் மூன்று வேளை பையனை விரட்டியதில் அவனுக்கும் அது அங்கணம் ஆகிவிட்டது.

போன வருடம் கல்லூரி விடுமுறையில் சிங்கப்பூர் போனவன், பழைய நண்பனின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தட்டை அங்கணத்தில் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். நண்பனின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அது மலாய்ச் சொல்லா என்று கேட்டாராம்.